ஓடைக்கல்லின் வழுக்கலும் எரிவாயுக் கிணறும்

மலையோடையில் இறங்குபவரின் கால் முதலில் உணர்வது குளிர்ச்சி, அடுத்தது வழுக்கல். கல்லின்மேல் படிந்திருக்கும் மெல்லிய உயிர்ப்படலம்தான் அந்த வழுக்கலைத் தருகிறது. பாக்டீரியா, ஆர்க்கியா, டயாட்டம் முதலிய நுண்பாசிகள், பூஞ்சை இழைகள், இவற்றை மேயும் ஒற்றைச் செல் உயிர்கள் ஆகியவை தாங்களே சுரந்த பசையில் ஒட்டிக்கொண்டு வாழும் குடியிருப்பு அது. ஓடையடி மணலிலும் சேற்றிலும், நீரில் மூழ்கிய பாசிச்செடிகளின் இலைகளிலும் இதே போன்ற குடியிருப்புகள் உண்டு. பூமிக்கடியில் ஒன்றிரண்டு கிலோமீட்டர் ஆழத்திலிருந்து இயற்கை எரிவாயுவை எடுக்கும்போது இந்தக் குடியிருப்புகளுக்கு என்ன நேர்கிறது என்ற கேள்வி, அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தையும் அதன் அண்டை மாநிலங்களையும் களமாகக் கொண்டு கடந்த பதினைந்து ஆண்டுகளில் விரிவாக ஆராயப்பட்டிருக்கிறது.

முதலில் ஓடையில் நுண்ணுயிர்களின் வேலை. காட்டுக்குள் பிறக்கும் சிற்றோடைகளில் வெயில் அதிகம் விழுவதில்லை. அங்கே உணவுச் சங்கிலி தொடங்குவது உதிர்ந்த இலையிலிருந்து. ஆனால் உதிர்ந்த இலையை ஓடைப்பூச்சிகள் அப்படியே உண்பதில்லை. பூஞ்சைகளும் பாக்டீரியாக்களும் சில வாரங்கள் அதில் குடியேறி, நாரை மென்மையாக்கி, தம் உடலின் புரதத்தையும் அதில் சேர்த்த பிறகே அது இரையாகும். மாவு புளித்த பிறகே இட்லிக்கு ஆவது போன்ற ஒரு பக்குவம் இது. அந்த இலையைக் கொறிக்கும் பூச்சிகளை ட்ரௌட் மீன் தின்கிறது. ஆற்றின் தலைப்பகுதி இலையை நம்பியும், இடைப்பகுதி பாசியை நம்பியும், கடைப்பகுதி மேலிருந்து வரும் துகள்களை நம்பியும் வாழ்கின்றன என்ற ‘ஆற்றுத் தொடர்ச்சி’க் கோட்பாட்டை 1980-இல் ராபின் வன்னோட்டும் அவருடைய கூட்டாளிகளும் வெளியிட்டார்கள். வன்னோட் பணியாற்றிய ஸ்ட்ரௌட் நீர் ஆய்வு மையமும் பென்சில்வேனியாவில்தான் இருக்கிறது. இலையைப் பக்குவப்படுத்துவதோடு வேலை முடிவதில்லை. அம்மோனியாவை நைட்ரேட்டாக்குவது, நைட்ரேட்டை நைட்ரஜன் வாயுவாக்கிக் காற்றுக்கு அனுப்புவது, சேற்றிலிருந்து கசியும் மீத்தேனை எரித்து ஆற்றல் பெறுவது எல்லாம் இந்தக் கூட்டத்தின் பொறுப்பு. பெரிய ஆறுகளின் நீர் நன்றாக இருப்பது பெருமளவுக்கு இந்தச் சிற்றோடைகள் தம் வேலையைச் செய்வதைப் பொறுத்தது.

இனி எரிவாயு. மார்செல்லஸ் பாறை, ஏறத்தாழ 39 கோடி ஆண்டுகளுக்கு முன்பு ஒரு கடலின் அடியில் படிந்த கரிய களிப்பாறை. நியூயார்க் மாநிலத்தில் அது வெளியே தலைகாட்டும் மார்செல்லஸ் என்ற ஊரின் பெயரை 1839-இல் ஜேம்ஸ் ஹால் அதற்குச் சூட்டினார். ஷேல் என்று பரவலாக அறியப்படும் இந்த வகைப் பாறையில் வாயு நிறைய இருந்தும், துளைகள் ஒன்றோடொன்று இணையாததால் அது தானாக வெளியே வராது. துளைக்கருவியைச் செங்குத்தாக 1,200 முதல் 2,600 மீட்டர் வரை இறக்கி, பின் பாறைப் படுகையிலேயே கிடைமட்டமாகத் திருப்பி, மிகுந்த அழுத்தத்தில் நீரையும் மணலையும் செலுத்திப் பாறையை விரிசல் விடச் செய்ய வேண்டும். ஃப்ராக்கிங் எனப்படும் முறை இதுதான். 2004-இல் தென்மேற்குப் பென்சில்வேனியாவின் வாஷிங்டன் மாவட்டத்தில் ஒரு மார்செல்லஸ் கிணற்றில் இது பலன் தந்தது. அடுத்த பத்தாண்டுக்குள் ஆயிரக்கணக்கான கிணறுகள் தோண்டப்பட்டு, டெக்சாஸுக்கு அடுத்தபடியாக அதிக எரிவாயு தரும் மாநிலமாகப் பென்சில்வேனியா மாறியது.

ஒரு கிணற்றுக்குச் செலவாகும் நீர் சுமார் ஒன்றரைக் கோடி லிட்டர். சென்னைத் தெருக்களில் ஓடும் 12,000 லிட்டர் தண்ணீர் லாரியால் அளந்தால் 1,250 லாரி. இதில் கலக்கும் வேதிப்பொருட்கள் நூற்றுக்கு அரைப் பங்கு முதல் இரண்டு பங்கு வரைதான் என்று தொழில்துறையினர் சொல்வது வழக்கம். கணக்கு சரியே, ஆனால் ஒன்றரைக் கோடி லிட்டரில் அரைப் பங்கு என்பதே 75,000 லிட்டர். சதவீதத்தில் சிறுத்துத் தெரிவது ஓடைக்கு அருகே தொட்டிகளில் நிற்கும்போது சிறுத்துத் தெரியாது.

அந்த வேதிப்பொருட்களில் நுண்ணுயிர்கொல்லிகள் தனி இடம் பெறுகின்றன. தரைக்கு மேலிருந்து எடுத்த நீரில் பாக்டீரியா இருக்கும். கிணற்றுக்குள் போனதும் அவற்றில் சில சல்ஃபேட்டையோ வேறு கந்தகச் சேர்மங்களையோ ஹைட்ரஜன் சல்ஃபைடாக மாற்றும். குழாய் அரிக்கும், வாயுவில் நச்சு கலக்கும். வேறு சில படலமாக வளர்ந்து விரிசல்களை அடைக்கும். எனவே குளூட்டரால்டிஹைடு போன்ற கொல்லிகள் சேர்க்கப்படுகின்றன. வேடிக்கை என்னவென்றால், அதே கலவையில் பாக்டீரியாவுக்குப் பிடித்த தீனியும் இருக்கலாம். மணலைச் சுமக்கும் அளவுக்கு நீரைக் கொழகொழப்பாக்கப் பல கிணறுகளில் சேர்க்கப்படும் குவார் பிசின், கொத்தவரை விதையிலிருந்து வருகிறது. ராஜஸ்தானின் வறண்ட வயல்களில் விளைந்த இந்த விதைக்கு அமெரிக்க எரிவாயுக் கிணறுகள் போட்ட போட்டியில், 2012-இல் இந்தியச் சந்தையில் விலை எகிறி, குவார் மீதான முன்பேர வணிகத்தையே நிறுத்திவைக்கும் நிலை வந்தது.

கொல்லி போட்டும் கிணறு மலடாவதில்லை. கிணற்றிலிருந்து திரும்பி வரும் நீரை ஆராய்ந்தவர்கள், முதல் சில நாட்களில் காணப்படும் நன்னீர் இனங்கள் மறைந்து, உப்பைத் தாங்கும் இனங்கள் மேலோங்குவதைப் பார்த்தார்கள். அவற்றுள் ஹாலனேரோபியம் என்பது முதன்மையானது. 2016-இல் ஒஹையோ மாநிலப் பல்கலைக்கழகக் குழு, அதுவரை அறியப்படாத ஒரு பாக்டீரியப் பேரினத்தை ஷேல் கிணறுகளில் கண்டு, தொழிலின் பெயரையே வைத்து ‘ஃப்ராக்கிபாக்டர்’ என்று அழைத்தது. நிலத்தடியில் புதிய உயிர்ச்சூழல் ஒன்றையே இந்தத் தொழில் உண்டாக்கியிருக்கிறது.

திரும்பி வரும் நீர்தான் ஓடைக்கு முதன்மையான ஆபத்து. பழங்கடலின் உப்பு அதில் கரைந்திருக்கிறது. கடல்நீரில் லிட்டருக்கு 35 கிராம் உப்பு என்றால், மார்செல்லஸ் கிணற்று நீரில் அது 250 கிராம் வரை போகும். கூடவே பேரியம், ஸ்ட்ரான்ஷியம், புரோமைடு, கதிரியக்க ரேடியம். நன்னீர் பாக்டீரியாவின் செல்லுக்கு உப்பு செய்வது கருவாட்டுக்குச் செய்வதையே: உள்ளிருக்கும் நீரை வெளியே இழுத்துவிடும். அதைச் சமாளிக்கத் தெரிந்த இனங்கள் தங்கும், மற்றவை போகும்.

இந்த நீரும் தோண்டும் தொழிலின் பிற விளைவுகளும் ஓடையை அடையும் வழிகள் பல. வெளிப்படையானது கசிவு. 2007 மே, ஜூன் மாதங்களில் கென்டக்கியின் ஏக்கர்ன் ஃபோர்க் ஓடைக்கருகே தோண்டப்பட்ட எரிவாயுக் கிணறுகளின் கழிவுநீர்க் குழிகள் நிரம்பி ஓடைக்குள் வழிந்தன. நீரின் பி.எச். 7.5-லிருந்து 5.6-க்கு இறங்கியது, உப்பின் அளவைக் காட்டும் மின்கடத்துதிறன் 200 மைக்ரோசீமென்ஸிலிருந்து 35,000-ஐத் தாண்டியது. சட்டப் பாதுகாப்புப் பெற்ற அரிய டேஸ் மீன்கள் இறந்தன. நுண்ணுயிர்களை அங்கே யாரும் எண்ணிப் பார்க்கவில்லை என்றாலும், மீன் சாகும் நீரில் கல்படலம் மட்டும் மாறாமல் இருந்திருக்கும் என்று நினைக்க இடமில்லை.

இரண்டாவது வழி, கழிவுநீரை ‘சுத்திகரித்து’ விடுவது. பென்சில்வேனியாவில் பல ஆண்டுகள் இந்த உப்புநீர் சுத்திகரிப்பு நிலையங்களுக்கு அனுப்பப்பட்டது. உப்பைப் பிரிப்பதற்கு அவற்றில் பல தகுதியற்றவை. ஷேல் கழிவை அங்கே அனுப்புவதை நிறுத்துமாறு 2011-இல் மாநில அரசு நிறுவனங்களைக் கேட்டுக்கொண்டது. 2013-இல் டியூக் பல்கலைக்கழகக் குழு, அத்தகைய ஒரு நிலையத்திலிருந்து நீர் விழும் பிளாக்லிக் ஓடையின் சேற்றை ஆராய்ந்தது. வெளியேற்றும் இடத்தில் ரேடியம் மேற்பகுதிச் சேற்றைவிட ஏறத்தாழ 200 மடங்கு. நீரில் கரைந்த ரேடியத்தை நிலையம் பெரும்பாலும் நீக்கியிருந்தும் சேற்றில் இவ்வளவு சேர்ந்திருந்தது. நுண்ணுயிர்கள் மிகுதியாக வாழும் இடமும் அந்தச் சேறுதான்.

கழிவை ஆழ்கிணற்றில் செலுத்திவிடுவது மூன்றாவது. அதன் பக்கவிளைவுக்கு நல்ல சான்று மேற்கு வர்ஜீனியாவில், ஃபயெட்வில் அருகே உல்ஃப் ஓடையில் சேரும் ஒரு சிறு கிளையில் கிடைத்தது. அதன் கரையில் இத்தகைய செலுத்துநிலையம் ஒன்று இருந்தது. நிலையத்துக்கு மேலேயும் கீழேயும் எடுத்த சேற்று மாதிரிகளின் மொத்த மரபணுத் தொகுப்பையும் படித்த ஓர் ஆய்வு 2017-இல் வெளிவந்தது. உறங்குநிலைக்கும் வித்துருவாவதற்கும் மீத்தேன் உண்டாக்குவதற்கும் உரிய மரபணுக்கள் கீழ்ப்பகுதிச் சேற்றில் 18 முதல் 86 மடங்கு வரை அதிகம். அம்மோனியாவை மாற்றும் ஆர்க்கியாக்களை உள்ளடக்கிய தௌமார்க்கியோட்டா குழு குறைந்திருந்தது. கொல்லிகளையும் நுண்ணுயிரெதிர் மருந்துகளையும் செல்லிலிருந்து வெளியே தள்ளும் ‘விசைக்குழாய்’ புரதங்களுக்கான சில மரபணுக்கள் கூடியிருந்தன. மருந்து எதிர்ப்பு மரபணுக்களின் மொத்த அளவு கூடவில்லை என்பதையும் அதே ஆய்வு பதிவு செய்தது. செய்தித்தாள் தலைப்புகளுக்கு ஒத்துவராத இந்த இரண்டாம் பாதி, முதல் பாதிக்குச் சமமான முக்கியத்துவம் உடையது. வித்துருவாகும் மரபணு கூடுவது நுட்பமான செய்தி: அங்கே வாழ்பவை நல்ல காலத்துக்காகக் காத்திருக்கப் பழகியவை என்று பொருள்படும்.

கசிவும் வெளியேற்றமும் ஓரிடத்தைக் காட்டிச் சொல்லக்கூடியவை. அதைவிடக் கடினமான கேள்வி: கசிவு எதுவும் பதிவாகாத, காட்டுக்குள் ஒதுங்கிய ஓடைகளின் நீர்ப்பிடிப்பில் கிணறுகள் இருப்பதே நுண்ணுயிர்களை மாற்றுமா? ஒவ்வொரு கிணற்றுத் தளத்துக்கும் ஒரு ஹெக்டேருக்கு மேல் காடு வெட்டப்படுகிறது. சாலை போடப்படுகிறது; கனரக லாரிகள் நூற்றுக்கணக்கில் நடை அடிக்கின்றன; குழாய்ப்பாதை மலைச்சரிவை அறுத்துச் செல்கிறது. மண் கரைந்து ஓடைக்கு வரும். புதிதாக வெட்டுண்ட பாறையில் பைரைட் இருந்தால் அமிலமும் வரும்.

பென்சில்வேனியாவின் ஜூனியாட்டா கல்லூரியைச் சேர்ந்த ரெஜினா லமெண்டெல்லா, கிறிஸ்டோபர் கிராண்ட் ஆகியோரின் குழு இந்தக் கேள்வியைக் கையில் எடுத்தது. நுண்ணோக்கியில் பார்த்தால் பாக்டீரியாக்கள் பெரும்பாலும் ஒன்றுபோலவே தெரியும். தட்டில் வளர்த்தால் சிறு பங்கே வளரும். ஆகவே ஒவ்வொரு செல்லிலும் இருக்கும் 16எஸ் ஆர்.ஆர்.என்.ஏ. மரபணுவைப் படித்து இனம் காண்கிறார்கள். 1977-இல் கார்ல் வோஸ் ஆர்க்கியாவைத் தனிப் பிரிவாக அடையாளம் கண்டதும் இந்த மூலக்கூறின் உதவியால்தான். ஒரு கரண்டிச் சேற்றிலிருந்து ஆயிரக்கணக்கான இனங்களின் மக்கள்தொகைக் கணக்கை எடுக்கும் வழி இது.

2014-இல் வெளியான முதல் ஆய்வில் வடமேற்குப் பென்சில்வேனியாவின் 26 ஓடை இடங்களிலிருந்து நீர், சேறு, பாசிச்செடி, கல்படலம் என 58 மாதிரிகளும், அவற்றிலிருந்து 32 லட்சம் மரபணு வரிசைகளும் திரட்டப்பட்டன. மார்செல்லஸ் கிணறுகள் உள்ள இடங்களில் இனங்களின் எண்ணிக்கை குறைந்திருந்தது. சில இனங்கள் மட்டும் ஓங்கி, சமநிலையும் குலைந்திருந்தது. அசிட்டோபாக்டரேசியே, அசிடோபாக்டீரியேசியே, மெத்திலோசிஸ்டேசியே ஆகிய குடும்பங்களைச் சேர்ந்தவை அங்கே பன்மடங்கு மிகுந்திருந்தன. முதலிரண்டில் அமிலத்தை விரும்புபவை பல. மூன்றாவது மீத்தேனைத் தின்பவற்றின் குடும்பம். நீர்ப்பிடிப்பில் கிணற்றுத் தளங்களின் எண்ணிக்கை கூடக் கூட இவற்றில் சிலவும் கூடின.

ஒருமுறை எடுத்த கணக்கு ஒரு நாளின் படம் மட்டுமே. அதனால் குழு 2012 முதல் 2016 வரை தொடர்ந்து 31 இடங்களில் 189 மாதிரிகளை ஆராய்ந்து, 2018-இல் முடிவுகளை வெளியிட்டது. மீத்தேன் தின்னும் மெத்திலோசிஸ்டேசியே, பைஜெரின்கியேசியே குடும்பங்களும், மீத்தேனை உண்டாக்கும் மெத்தனோபாக்டீரியமும் கிணறு உள்ள ஓடைகளில் மிகுந்திருந்தன. சில இனங்கள் ஐந்தாண்டும் நிலையான அடையாளங்களாக நின்றன. ஆனால் கூட்டத்தின் அமைப்பைப் பெருமளவு தீர்மானிப்பது நீரின் பி.எச். என்பதும், எரிவாயுத் தொழிலின் கை குறிப்பிட்ட சில இனங்களின் அளவில்தான் தெரிகிறது என்பதும் அந்த ஆய்வில் வெளிப்பட்டன.

அதே ஆண்டு வடகிழக்குப் பென்சில்வேனியாவின் 28 ஓடைகளில் சேற்றை ஆராய்ந்த மற்றோர் ஆய்வு, இன வளத்தில் வேறுபாடு இல்லை என்றே கண்டது. அங்கே மொத்த எண்ணிக்கை மாறவில்லை. பெயர்ப் பட்டியல் மாறியிருந்தது. உப்பைத் தாங்கும் ருப்ரோபாக்டரேசியே, ஹைட்ரோகார்பன்களைச் சிதைக்கக்கூடிய ஓஷனோஸ்பைரிலேசியே, மீத்தேன் தின்னும் மெத்திலோகாக்கேல்ஸ் ஆகியவை கிணறுள்ள பக்கம் மிகுந்திருந்தன. ஓர் ஊரில் வீடுகளின் எண்ணிக்கை அப்படியே இருக்க, உழவர்கள் போய் வேறு தொழில்காரர்கள் குடிவந்தால் தலைக்கணக்கில் அது தெரியாது. ஓடையின் நலத்தை இனங்களின் எண்ணிக்கையால் மட்டும் அளப்பது இந்த வகையில் ஏமாற்றும். இரு பகுதிகளிலும் முறையாக ஒத்துவரும் சாட்சி மீத்தேன் தின்னிகளே.

அந்தச் சாட்சியையும் குறுக்கு விசாரணை செய்தாக வேண்டும். மீத்தேன் பென்சில்வேனிய நிலத்தடியில் இயல்பாகவே கசியும். வடமேற்கில் உள்ள டைட்டஸ்வில்லில் 1859-இல் எட்வின் டிரேக் தோண்டிய எண்ணெய்க் கிணறு தொடங்கி, ஒன்றரை நூற்றாண்டில் தோண்டிக் கைவிடப்பட்ட கிணறுகள் மாநிலமெங்கும் லட்சக்கணக்கில் கிடக்கின்றன. அவற்றில் பல இன்றும் கசிகின்றன. மீத்தேனின் கார்பன் ஐசோடோப்பைக் கொண்டு அது சதுப்புச் சேற்றில் பிறந்ததா, ஆழ்பாறையின் வெப்பத்தில் பிறந்ததா என்று பிரிக்கலாம். எந்தக் கிணற்றின் வழியே வந்தது என்று சொல்வது அத்தனை எளிதன்று. லைகமிங் மாவட்டத்தின் சுகர் ரன் ஓடையில், ஓடைநீரை அளந்தே நிலத்தடிநீர் வழி வரும் ஆழ்பாறை மீத்தேனைக் கண்டுபிடிக்க முடியும் என்று 2015-இல் காட்டப்பட்டது. அத்தகைய அளவீடும் நுண்ணுயிர்க் கணக்கும் ஒரே ஓடையில் சேரும் இடத்தில்தான் சாட்சியம் வலுப்படும்.

பி.எச். பற்றிய சிக்கல் இதைவிடப் பெரிது. அந்த மலைகளின் மணற்பாறையில் அமிலத்தைத் தணிக்கும் சுண்ணாம்பு குறைவு. பல பத்தாண்டு அமில மழை அங்கே பெய்திருக்கிறது; பழைய நிலக்கரிச் சுரங்கங்களின் அமில நீரும் உண்டு. ஓர் ஓடை கிணறு வருவதற்கு முன்பே அமிலத்தன்மை உடையதாக இருந்திருந்தால், அமிலம் விரும்பும் பாக்டீரியாவைக் கிணற்றின் கணக்கில் எழுதுவது தவறு. கிணறு தோண்டுவதற்கு முன் ஒருமுறை, பின் ஒருமுறை மாதிரி எடுத்திருந்தால் இந்த ஐயம் பெரும்பாலும் தீரும். பென்சில்வேனியாவில் தோண்டும் வேகம் ஆய்வின் வேகத்தை முந்திவிட்டது. ஆய்வாளர்கள் வந்தபோது பல ஓடைகளில் ‘முன்’ என்பது கடந்துபோயிருந்தது.

நுண்ணுயிரின் மாற்றம் மீன்வரை ஏறுவதற்குப் பாதரசம் ஓர் எடுத்துக்காட்டு. பாதரசம் காற்றின் வழியே எங்கும் படிகிறது. காற்றற்ற சேற்றில் வாழும் சில பாக்டீரியாக்களும் ஆர்க்கியாக்களும் அதை மெத்தில் பாதரசமாக்குகின்றன. உடலில் தங்கி உணவுச் சங்கிலியில் பெருகுவது இந்த வடிவம். இதைச் செய்யும் இரண்டு மரபணுக்கள் 2013-இல் அடையாளம் காணப்பட்டன. கிராண்ட் குழு 2012, 2013 கோடைகளில் 27 ஓடைகளை ஆராய்ந்ததில், ஃப்ராக்கிங் நடந்த நீர்ப்பிடிப்புகளில் மெத்தில் பாதரசம் கூடுதலாக இருந்தது, பி.எச். குறைவும் கரைந்த பாதரசத்தின் மிகுதியும் அதோடு சேர்ந்து வந்தன. சங்கிலியில் அது பெருகும் வேகம் மட்டும் இரு வகை ஓடைகளிலும் வேறுபடவில்லை. தொடக்கத்திலேயே சரக்கு கூடுதலாக இருந்தது. கிணறுகள் மிக நெருக்கமாக இருந்த ஓடைகளில், கல்படலத்தைச் சுரண்டித் தின்னும் பூச்சிகளைக் காணவில்லை. படலம் மாறியதால் மேய்பவை போயினவா, மேய்பவை போனதால் படலம் மாறுமா என்பதை இந்தத் தரவு மட்டும் தீர்க்காது. இரண்டும் ஒன்றையொன்று தொடர்ந்து இழுக்கும் கயிறுகள்.

கொல்லிகளின் வினையும் கிணற்றோடு முடிவதில்லை. பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் சூடோமோனாஸ் இனங்களைக் கொண்டு நடந்த சோதனைகள் இரண்டு உண்மைகளைக் காட்டின: கிணற்று உப்புநீரில் இருந்த செல்கள் குளூட்டரால்டிஹைடைக் கூடுதலாகத் தாங்குகின்றன, படலமாக வாழும் செல்கள் அதை விசைக்குழாய் கொண்டு வெளியே தள்ளுகின்றன. உல்ஃப் ஓடைச் சேற்றில் கூடியிருந்ததும் இதே வகைப் புரதங்களுக்கான மரபணுக்கள்.

மீட்சி பற்றிய கேள்வியில் நுண்ணுயிர்களுக்கு ஒரு வசதி உண்டு. அவற்றின் தலைமுறை மணிக்கணக்கில் அளக்கப்படுவது; மேலோடையிலிருந்து புதிய குடிகள் தினமும் மிதந்து வருகின்றன. உப்பு நின்றால் நீரில் மிதக்கும் கூட்டம் விரைவில் பழைய முகத்துக்குத் திரும்பக்கூடும். சேறு அப்படியன்று. அதில் ஒட்டிய ரேடியம்-226 பாதியாகக் குறைய 1,600 ஆண்டுகள் ஆகும். தளங்களிலிருந்து இறங்கிய களிமண்ணை அடுத்த பெருவெள்ளம்தான் நகர்த்தும். கிணறுகள் மூடப்பட்ட ஓடைகளில் பட்டியல் எந்த வரிசையில் பழைய நிலைக்கு வருகிறது என்று சொல்லத் தரவு குறைவு: வடகிழக்கு ஆய்வின் 28 ஓடைகளில் கைவிடப்பட்ட கிணறுகளைக் கொண்ட ஓடை ஒன்றும் சேர்க்கப்பட்டிருந்தது. ஒரே ஓர் ஓடை; கணக்குக்கு அது போதாது.